பக்கத்து வீட்டில் வைத்த பயணப் பை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கடிதம் எழுதுவேன், அவ்வளவுதான். ஆட்கள் வாசிக்கிற மாதிரி எழுதிப் பழக்கமில்லை. மறதியும் கூடிப்போச்சு. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது இன்னொன்று முன்னுக்கு வந்து நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் ஒரு மலர் போடப்போகிறார்களாம். ஆளுக்கொரு பயணத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மற்ற எல்லாரும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் எழுதுவார்கள். அது எனக்கும் நடந்ததுதான். ஆனால் அதை எழுத எனக்கு மனமில்லை. நான் எழுதப்போவது பேர்லினிலிருந்து பாரிசுக்குப் போன பயணம். விமானத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலம். இதெல்லாம் ஒரு பயணமோ என்று சிரிக்காதேயுங்கோ.

பாரிசில் என்னுடைய அக்கா இருக்கிறா. எனக்கு நாலு வயது மூத்தவ. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பா. எப்ப வாறாய், எப்ப வாறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. நானும் வாறன் என்பேன். மூன்று தரம் நாளும் குறித்துச் சொல்லிவிட்டுப் போகாமல் விட்டேன். முதல் தரம் என் மனுசன் இவருக்குச் சுகமில்லை, அது உண்மை. மற்ற இரண்டு தரமும் "சரியான தூரம் அக்கா" என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

தூரம் என்றது பொய். எனக்குக் கூச்சம். அதுதான் உண்மை.

இவர் இருக்கும்போது எங்கே போனாலும் இவருக்குப் பின்னால் போவேன். இவர் கண்ணை மூடினபிறகு மகள் வந்து கூட்டிக்கொண்டு போவாள். மகள் கொலோனில் இருக்கிறாள். ஒருமுறை லண்டனில் கலியாணம் ஒன்றுக்குப் போய்விட்டு இரண்டுபேரும் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். மகள் பெட்டிக்கு வரிசையில் நின்ற நேரம் நான் கழிப்பறைக்குப் போய், வேறு பக்கத்துக் கதவால் வெளியே வந்துவிட்டேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். யூனிபோம் போட்ட ஆட்கள் எத்தனையோ பேர் முன்னால் போனார்கள். ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, தெரியாது என்றில்லை. முப்பது வருசத்துக்கு மேல் இந்த ஊரில் துப்புரவு வேலை செய்தவள், அந்தளவு பேச்சு எனக்குத் தெரியும். ஆனால் தெரியாத ஆளைப் பார்த்து முதல் சொல்லைச் சொல்ல என்னால் ஏலாது. ஒரு மணித்தியாலம் அப்படியே நின்றேன். மகள் கண்டுபிடித்தபோது அவள்தான் அழுதாள்.

போன வருசம் கோடை தொடங்குகிற நேரம் அக்கா ரெலிபோன் எடுத்தா. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"இடுப்பெலும்பு மாத்தப் போறாங்களாம். வாற வெள்ளிக்கிழமை காலமை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கு" என்றா.

"எல்லாருக்கும் செய்யிறதுதானே அக்கா. பயப்பிடாதேங்கோ."

"மயக்கித்தான் செய்வாங்களாம். இந்த வயசில மயக்கினா எழும்புவனோ எண்டு ஆருக்குத் தெரியும். அங்க போறதுக்கு முதல் உன்னை ஒருக்காப் பாக்கவேணும்."

"வாறன் அக்கா."

"வாறன் எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டாய். இந்தமுறையும் தூரம் எண்டு சொல்லுவாய்."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னா. அதுதான் எனக்கு உறைத்தது.

மகளிடம் சொன்னேன். அவள் உடனே வியாழக்கிழமைக்கு விமான ரிக்கற் போட்டாள். காலை ஒன்பது பத்துக்கு வெளிக்கிடும். அவளுக்கு வேலையில் லீவு இல்லை, அதனால் நான் தனியத்தான் போகவேண்டும். சக்கர நாற்காலிக்கும் எழுதிவிட்டாள். வாசலில் ஒரு ஆள் என்னைப் பொறுப்பெடுத்து, விமானத்துக்குள் இருத்திவிடுவார். பாரிசில் இன்னொரு ஆள் தள்ளிக்கொண்டு வந்து அக்காவின் மகனிடம் ஒப்படைப்பார்.

"நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை அம்மா. பார்சல் மாதிரிப் போய் இறங்கலாம்" என்றாள். "நேராப் பாத்தா எண்ணூத்தி எண்பது கிலோமீற்றர்தான். ஒண்டே முக்கால் மணித்தியாலம். நாங்கள் கொலோனுக்கு ரெயிலில வாறதுக்கே நாலு மணித்தியாலத்துக்கு மேல."

எல்லாம் சரியாக இருந்தது. பிழை விட்டது நான்தான்.

விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக எங்களூர்த் தம்பி ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். தம்பி என்று சொன்னாலும் தலை முழுக்க நரை. இரவில் டாக்ஸி ஓடுகிறவர். வேலை முடிந்து காலை ஆறரைக்குத்தான் வர முடியும் என்றார். தமிழ்க் கடையில் தந்த காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம். ஆறரைக்கு வீட்டுப் படி இறங்கினால் நடு எமகண்டம். கடையில் சாமான் வாங்கப் போவதென்றால் நான் இவ்வளவு பார்க்கமாட்டேன். அக்காவின் ஒப்பரேசனுக்குப் போகிறேன்.

இதற்கு எங்கள் ஆட்கள் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். போகிற நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையை எடுத்து வேறு வீட்டில் வைத்துவிடுவோம். பை படி தாண்டிவிட்டால் பயணம் தொடங்கியது என்றுதான் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் போனாலும் பரவாயில்லை. ஒன்றுதான், அந்தப் பை திரும்பவும் வீட்டுக்குள் வரக்கூடாது.

புதன்கிழமை பின்னேரம் நாலே முக்காலுக்கு நல்ல நேரம் இருந்தது. எங்கள் மாடியில் என் கதவுக்கு எதிர்க்கதவு ஒரு தமிழ்ப் பிள்ளையுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளும் தனி. கந்தோர், அதுதான் அலுவலகங்கள், துப்புரவாக்குகிற வேலைக்குப் போகிறவள். அவளிடம் பையைக் கொண்டுபோனேன். இரண்டு சீலை, அக்காவுக்குச் செய்த பலகாரம், முட்டைமாவும் பருத்தித்துறை வடையும். எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்போட்.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அன்ரி, பாஸ்போட்டை நீங்களே வச்சிருங்கோவன். உடுப்பை மட்டும் இஞ்ச வைப்பம்."

"பாஸ்போட் வீட்டில இருந்தா அது என்ன பயணம், பிள்ளை? சீலையோ பாரிசுக்குப் போகுது?" என்றேன்.

"சரி, சரி. எனக்கு எட்டு மணிக்குத்தான் வேலை. ஆறரைக்கு மணியடியுங்கோ. நித்திரையெண்டாலும் எழும்பித் தாறன்."

அவள் முன்பு ஒருநாள் தன் வீட்டுக் கதவுத் திறப்பில், சாவியில், ஒன்றை என்னிடம் தரப் பார்த்தவள். என் திறப்பு அவளிடம் இருக்கிறது. நான்தான் வேண்டாம் என்றேன். ஆட்களுடைய வீட்டுத் திறப்பு என்னிடம் எதற்கு என்று கூச்சம். அந்தக் கூச்சம் என்ன செய்தது என்று இனிச் சொல்கிறேன்.

ஊறுகாய் ஒரு போத்தல் குசினியில் மிஞ்சியது. தேசிக்காய் ஊறுகாய். அக்கா ரெலிபோனில் கேட்டது அது ஒன்றைத்தான். ஆனால் என் பை விமானத்துக்குள் கையோடு போகிறது, அதில் ஊறுகாய் விடமாட்டார்கள் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதை மேசையில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆறரைக்குத் தம்பி கீழே வந்து காரின் கோண் அடித்தார். நான் எதிர்க்கதவில் மணியடித்தேன். சத்தமில்லை. திரும்ப அடித்தேன். கதவைத் தட்டினேன். ரெலிபோன் எடுத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. தம்பி மேலே ஏறி வந்து அவரும் தட்டினார். கீழ் வீட்டு டொச்சு மனிசன் தலையை நீட்டி, அந்தப் பெண் விடிய ஐந்து மணிக்கே ஓட்டமாகப் போனதைக் கண்டதாகச் சொன்னார்.

நான் திரும்பவும் மணியை அமத்தினேன்.

"பை உள்ளுக்கோ?" என்று தம்பி கேட்டார்.

"ஓம்."

"பாஸ்போட்?"

நான் கதவைக் காட்டினேன். தம்பி படியில் இருந்துவிட்டார்.

"அக்கா, பிளேன் எண்ணூறு கிலோமீற்றரை ஒண்டே முக்கால் மணித்தியாலத்தில தாண்டுது. உங்கட பை பத்தடி தாண்டேலாமக் கிடக்குது" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

எட்டே காலுக்கு அந்தப் பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். இடைவேளையில்தான் கைபேசியைப் பார்த்திருக்கிறாள். விடியப்புறம் மேலாளர் ரெலிபோன் எடுத்து, ஒருத்திக்குச் சுகமில்லை, ஊரின் மற்றத் தொங்கலில் ஸ்பாண்டவில் ஒரு கந்தோருக்கு உடனே போ என்று சொல்லியிருக்கிறார். அந்த அவசரத்தில் பையை மறந்துவிட்டாள். "அன்ரி, நான் மறந்திட்டன் அன்ரி, நான் இப்ப வாறன்" என்று அழுதாள். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு ஏழாம் இலக்க உபானில், நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரெயிலில், ஏறிவிட்டாள். அது அந்தத் தொங்கலிலிருந்து எங்கள் பக்கம் வர முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அவள் மூச்சு வாங்க மாடியேறி வந்தபோது ஒன்பது இருபது. விமானம் போய்விட்டது.

நான் அவளை ஏசவில்லை. எப்படி ஏசுவது? பாஸ்போட்டை நீங்களே வச்சிருங்கோ என்று அவள் சொன்னவள்தானே.

பையை நான் என் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. அவளுடைய வீட்டிலேயே இருந்து மூன்றுபேரும் தேத்தண்ணி குடித்தோம். தம்பி என்னைப் பார்த்தார்.

"இன்னும் பையை உள்ளுக்குக் கொண்டுபோகமாட்டியளோ? பிளேன் போயிட்டுதக்கா."

"பிளேன்தானே போயிட்டுது" என்றேன்.

மகள் ரெலிபோனில் நல்லாக ஏசினாள். "நேரம் பாத்துப் பாத்து இருந்த நேரத்தையும் விட்டிட்டியள்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. இன்றைக்கு இனிப் போகிற விமானங்களில் இடமில்லையாம். ஒன்று இருக்கிறது, அது நடுச்சாமம் தாண்டித்தான் போய்ச் சேருமாம், அதற்குச் சக்கர நாற்காலி ஆளும் இல்லையாம். "விடுங்கோ அம்மா. பெரியம்மாட்ட நான் கதைக்கிறன். ஒப்பரேசன் முடிஞ்சு அடுத்த கிழமை போகலாம்."

அந்தப் பிள்ளையும் ஓம் அன்ரி, அடுத்த கிழமை போகலாம் என்றாள். தம்பியும் தலையாட்டினார். எல்லாரும் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார்கள். வழமையாக என்றால் நான் அதற்குள் போய்விடுவேன். உள்ளுக்குள் ஆறுதலாகக்கூட இருக்கும். அக்காவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். பிளேன் விட்டிட்டன் அக்கா என்று சொன்னால், அக்கா ஏசமாட்டா. "ஓமோம், தூரம்தானே" என்று மட்டும் சொல்லுவா. அதோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவா.

"ரெயில் இல்லையோ?" என்று கேட்டேன்.

மகள் தேடிப் பார்த்தாள். "இருக்கு. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முதல். மாறத் தேவையில்லை, நேர பாரிஸ். ஆனா எட்டு மணித்தியாலம் அம்மா. தனிய. உங்களைத் தள்ளிக்கொண்டு போக ஒருத்தரும் வராயினம்."

"போடு" என்றேன்.

தம்பி எழும்பினார். "அப்ப வெளிக்கிடுங்கோ."

"தம்பி, ரெயிலில ஊறுகாய் கொண்டுபோக விடுவாங்களோ?"

"ரெயிலில ஆட்டையும் கொண்டுபோகலாம் அக்கா. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. பையை நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், உள்ளுக்குப் போகாமல்."

ஹவுப்ட்பான்ஹொப்பில், பெரிய ரெயில் நிலையத்தில், தம்பி என்னை ஏற்றிவிட்டார். ரிக்கற்றில் இருந்த பெட்டி இலக்கத்தையும் இருக்கை இலக்கத்தையும் ஒரு துண்டில் பெரிதாக எழுதித் தந்தார். ரெயில் வெளிக்கிட்டபிறகு நான் போய்ப் பார்த்தால், என் இருக்கையில் ஒரு பெரிய மனிதர் இருந்து கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். துண்டைப் பார்த்தேன், மேலே இலக்கத்தைப் பார்த்தேன். என்னுடைய இடம்தான். நான் திரும்பிப்போய் கதவடியில் பையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணித்தியாலம் கிட்ட நின்றிருப்பேன். வெளியில் வயல், மின்சாரக் காற்றாடிகள், திரும்ப வயல். பிராங்பேர்ட் தூண்தான் ஞாபகத்தில் வந்தது. கால் நோகத் தொடங்கியது. பாரிஸ் வரைக்கும் இப்படி நின்றால் நாளைக்கு அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் எனக்கும் போடவேண்டும் என்று யோசித்தேன். அதோடு இன்னொன்றும் யோசித்தேன். இந்த மனிதருக்கும் எனக்கும் நடுவில் எத்தனை அடி? பதினைந்து அடி இருக்குமோ?

போனேன். துண்டை நீட்டினேன். "என்ட்சூல்டிகுங், மைன் பிளாட்ஸ்" என்றேன், மன்னிக்கவேணும், என்னுடைய இடம் என்று. குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன்.

அந்த மனிதர் துள்ளி எழும்பினார். அவருடைய இடம் பின்வரிசையாம், பார்க்காமல் இருந்துவிட்டாராம். மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். என் பையைத் தூக்கி மேலே வைத்தார். ஒரு நிமிசமும் எடுக்கவில்லை. இதற்கு நான் ஒரு மணித்தியாலம் நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் விமானம் பாதிக்கு மேல் போயிருக்கும்.

பிறகு ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டே போனேன். நாற்பது வருசம் இந்த நாட்டில் இருக்கிறேன், ஒருநாளும் இப்படித் தனிய இருந்து பார்த்ததில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் கதைப்போம், அல்லது நித்திரை கொள்ளுவோம். பிராங்பேர்ட்டில் ரெயில் நின்றது. ஆட்கள் இறங்கி ஏறினார்கள். எனக்குப் பயம் ஒன்றும் வரவில்லை. வடையை எடுத்துச் சாப்பிட்டேன். பின்னாலிருந்த அந்த மனிதருக்கும் இரண்டு கொடுத்தேன். உறைப்பில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் நல்லது நல்லது என்று முழுவதையும் சாப்பிட்டார். ஆறு தாண்டி பிரான்சுக்குள் போனபிறகு ரெயில் பறந்தது. மேலே திரையில் வேகம் காட்டினார்கள், முந்நூறைத் தாண்டியது. முன்னால் வைத்திருந்த தேத்தண்ணி மட்டும் ஆடாமல் நின்றது.

பாரிசில் இறங்கியபோது எட்டு மணி. நல்ல வெளிச்சம். அக்காவின் மகன் ரெயில் மேடையில் நின்றான். "சித்தி, நீங்கள் தனியவோ வந்தனீங்கள்?" என்று என் பின்னால் ஆரும் வருகிறார்களோ என்று எட்டிப் பார்த்தான்.

அக்கா மேசையில் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருந்தா. சாப்பிடவில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு தண்ணியும் குடிக்கக்கூடாதாம், அதற்கு முன் சாப்பிடு என்று மகன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தா, இடுப்பு விடவில்லை. நான் குனிந்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தா. கிழவியாகிவிட்டாய் என்று சொன்னா. நான் மட்டுமோ என்றேன்.

"எத்தினை மணித்தியாலம் வந்தனீ?" என்று கேட்டா.

"நேற்றுப் பின்னேரம் நாலே முக்காலுக்கு வெளிக்கிட்டனான்" என்றேன்.

பை கதையைச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. இடுப்பு நோகுது, சிரிக்க வையாதை என்று திரும்பவும் சிரித்தா. பிறகு கோப்பையை நிமிர்த்தினா. சோறும் பருப்பும் ஊறுகாயும். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டா. போத்தலை மூடி எனக்குத் தராமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டா.

காலையில் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் அறைக் கதவு வரைக்கும் கட்டிலோடு நடந்தேன். அங்கே ஒரு தாதி நின்றா. எங்கே இருந்து காத்திருப்பது என்று நானே போய்க் கேட்டேன். பிரெஞ்சு தெரியாது, கையால்தான் கேட்டேன். கதிரையைக் காட்டினா. பின்னேரம் அக்கா கண் திறந்து என்னைப் பார்த்தா. "நீ இன்னும் போகேல்லையோ?" என்றா. அதுதான் முதல் சொல்லு.

பத்து நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது விமானத்தில்தான். ஒன்றே முக்கால் மணித்தியாலம்தான். பழச்சாறு குடித்து முடிக்கவில்லை, இறங்கப் போகிறோம் என்றுவிட்டார்கள். போய்வந்த மாதிரியே இல்லை. வெளிக்கிடுகிற அன்றும் நேரம் சரியில்லை என்று அக்கா பையை முதல்நாளே பக்கத்து வீட்டில் வைப்பித்தா. நான் மறுக்கவில்லை. ஆனால் பாஸ்போட் என் கைப்பையில் இருந்தது. இப்போது எதிர்வீட்டுப் பிள்ளையின் திறப்பும் என்னிடம் இருக்கிறது, என் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

மலர் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணூத்தி எண்பது கிலோமீற்றர் என்று மகள் சொன்னாள். தெருவால் போனால் ஆயிரத்து ஐம்பது வரும் என்று டாக்ஸித் தம்பி சொன்னார். ரெயில் பாதை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. விமான நேரம், ரெயில் வெளிக்கிட்ட நேரம் எல்லாம் ஞாபகத்தில் இருந்து எழுதினது. எமகண்டமும் சரியோ என்று காலண்டரில் பாருங்கோ. தெரிந்த ஆட்கள் ஆரும் ஒருக்கால் சரிபார்த்து, பிழை இருந்தால் திருத்திப் போடுங்கோ. நாலே முக்காலை மட்டும் மாற்றவேண்டாம். அது சரி.